கிராஸ் ஸ்டிச் போட்டு முடிச்சாச்சா? துவைக்கிறதுல இருந்து இஸ்திரி போடுற வரைக்கும் முழு வழிகாட்டி

அஞ்சு மாசம் உக்காந்து கிராஸ் ஸ்டிச்ல, அதாவது X வடிவத் தையல்ல, ஒரு ரோஜாக் கொத்து போட்டேன், 14 கவுண்ட் வெள்ளை ஐடா துணில (கட்டம் கட்டமா நெஞ்ச துணி, 14 கவுண்ட்னா ஒரு இஞ்சுக்கு 14 கட்டம்), நடுவுல நாலு பெரிய செவப்பு ரோஜா. கடைசித் தையல் போட்ட அன்னிக்கு ராத்திரியே சந்தோஷத்துல பாத்ரூம் பக்கெட்ல முக்கி அலசிட்டேன். வெளில எடுத்தா ஒரு ரோஜாவோட ஓரத்துல மட்டும் வெள்ளைத் துணில லேசா ரோஸ் கலர் படிஞ்சிருக்கு, ஒரு விரல் அகலம்கூட இல்ல. காலைல பாத்துக்கலாம்னு கொடில போட்டுட்டுத் தூங்கிட்டேன், காலைல காஞ்சிருந்துச்சு, ஒருவேளை இஸ்திரி போட்டா தெரியாதோன்னு நல்ல சூட்டுல ஒரு இழு இழுத்தேன். அந்த ரோஸ் கறை இன்னிக்கு வரைக்கும் அப்படியே இருக்கு.

அன்னிக்கு நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். துணி ஈரமா இருக்கிற வரைக்கும் கிட்டத்தட்ட எதையும் காப்பாத்திடலாம், காய விட்டுட்டோம்னா கஷ்டம், அதுக்கு மேல சூடும் காட்டிட்டோம்னா ரொம்பக் கஷ்டம். கீழ சொல்றது எல்லாத்தையும் இதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

துவைச்சே ஆகணுமா?

பெரும்பாலும் ஆமா. "நான் கை கழுவிட்டுத்தான் தைப்பேன், துணி பளிச்சுன்னு இருக்கு"ன்னு நிறைய பேர் சொல்றாங்க, ஆனா கைல இருக்கிற எண்ணெய்ப் பசை கண்ணுக்கே தெரியாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுன கை, முகத்துக்குக் கிரீம் போட்ட கை, வியர்வை, இதெல்லாம் மாசக்கணக்கா துணில ஏறி இருக்கும். இப்போ தெரியாது, கண்ணாடி பிரேமுக்குள்ள போய் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மஞ்சளா எழும்பி வரும், அப்புறம் பிரேமைப் பிரிச்சுத்தான் ஆகணும். ஹூப் (தைக்கிறப்போ துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையம்) வச்ச இடத்துல வட்டமா ஒரு அழுக்குத் தடம் வரும் பாருங்க, அது நாம எல்லாரும் பாத்ததுதான்.

துவைக்கக் கூடாத வேலைகளும் உண்டு. கையால சாயம் ஏத்தின நூல் (ஒரே இழைல கலர் மாறி மாறி வருமே, அது), பட்டு நூல், பேப்பர்ல போட்டது, இதையெல்லாம் தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க. கையால சாயம் ஏத்தினதுல சாயம் நிக்கும்னு செய்யறவங்களே பெரும்பாலும் உத்தரவாதம் கொடுக்கறதில்ல. அந்த மாதிரி வேலைக்குத் தொடக்கத்துலயே கை சுத்தமா வச்சுக்கிறது, வேலை முடிஞ்சா ஒரு வெள்ளைத் துணில சுத்தி வைக்கிறது, இதுதான் வழி.

என்ன நூல்னு முதல்ல பாருங்க

நம்ம ஊர்ல அதிகமா கிடைக்கிறது ஆங்கர், அதுக்கப்புறம் டிஎம்சி. ரெண்டுமே ஆறு இழைப் பருத்தி நூல், ஒரு லச்சி 8 மீட்டர். பருத்தி நூலுக்கு அந்தப் பட்டு மாதிரி பளபளப்பு எங்கிருந்து வருதுன்னா மெர்சரைஸ் பண்றதுல இருந்து, அதாவது காஸ்டிக் சோடாக் கரைசல்ல நூலை இழுத்துப் பிடிச்சு முக்கி எடுக்கிறாங்க, அதுல இழை உருண்டையா உப்பி வெளிச்சத்தை நல்லாத் திருப்பி அடிக்கும், சாயத்தையும் கூடுதலாக் குடிக்கும். காஸ்டிக் சோடால முக்குறதை ஜான் மெர்சர்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1844-ல கண்டுபிடிச்சார், பேரும் அவர் பேர்தான், இழுத்துப் பிடிச்சுப் பளபளப்பு வர வைக்கிறது அதுக்கு அப்புறம் வந்தது.

இந்த நூல் ரெண்டும் பொதுவா சாயம் நிக்கிற நூல்தான். ஆனா அடர்த்தியான கலர்ல சாயம் நிறைய ஏத்தணும், அதுல கொஞ்சம் இழைக்குள்ள போகாம மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுதான் முதல் தண்ணில இறங்குறது. அதனால செவப்பு மேல எப்பவும் ஒரு கண்ணு வைங்க. டிஎம்சில 321, 498, 815, 816 இந்த நம்பர் எதாவது உங்க டிசைன்ல இருந்தா கவனமா இருங்க, அடுத்தது கரும் நீலம், அப்புறம் கறுப்பு (டிஎம்சி 310, ஆங்கர்ல 403). பேரே இல்லாம நூறு கலர் இருநூறு கலர்னு பாக்கெட்டா வர்ற மலிவு நூல்ல எந்தக் கலரையும் நம்பாதீங்க, பச்சைகூட இறங்கும். கறுப்பு ஐடா, செவப்பு ஐடா மாதிரி கலர் துணில போட்டிருந்தா துணியே சாயம் விடலாம், அதையும் சேர்த்து யோசிங்க.

டெஸ்ட் பண்றது, அஞ்சு நிமிஷ வேலை

ஒரு பழைய வெள்ளைப் பருத்தித் துணியை நனைச்சு பிழிஞ்சு, வேலையோட பின்பக்கம் செவப்பு நூல் இருக்கிற இடத்துல வச்சு விரலால ஒரு அரை நிமிஷம் அழுத்துங்க. தேய்க்க வேண்டாம், அழுத்தினா போதும். எடுத்துப் பாத்தா வெள்ளைத் துணில கலர் வந்திருக்கா? வரலைன்னா நிம்மதி. வந்துச்சுன்னா துவைக்கவே கூடாதுன்னு இல்ல, நிறைய குளிர்ந்த தண்ணி ரெடியா வச்சுக்கிட்டு, வேற வேலை எதுவும் இல்லாத நேரத்துல துவைக்கணும்னு அர்த்தம். அடுப்புல குழம்பை வச்சுட்டு இதுல கை வைக்காதீங்க. மிச்சம் இருக்கிற நூலையே ஒரு துண்டு வெட்டி, ஐடா துணியோட ஓரத் துண்டுல நாலு தையல் போட்டு ஒரு கிண்ணம் தண்ணில ஊறப் போட்டும் பாக்கலாம், இது இன்னும் நல்ல டெஸ்ட், ஏன்னா உங்க தண்ணி, உங்க சோப்பு ரெண்டும் அதுலயே டெஸ்ட் ஆயிடும்.

தண்ணில போடறதுக்கு முன்னாடி

ஊசி குத்தி இருக்கான்னு பாருங்க, ஈரத்துல ஊசி துரு விட்டா அது தனிப் பிரச்சனை. பின்பக்கம் நீளமா தொங்குற நூல் நுனியெல்லாம் தையலுக்கு அடில நுழைச்சு வெட்டிடுங்க, முக்கியமா கறுப்பு நூல் நுனி, இல்லன்னா துவைச்சப்புறம் முன்பக்கம் நிழலாத் தெரியும். துணி ஓரம் பிரியாம இருக்க மெஷின்ல ஒரு ஜிக்ஜாக் அடிச்சிருக்கணும், மெஷின் இல்லன்னா கைலயே சுத்தித் தைங்க. மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தா பிச்சு எடுத்துட்டு பசை பட்ட ஓரத்தையே வெட்டிடுங்க, நாள் ஆன பசை போகவே போகாது.

இப்போ பேனா. தையல் எண்ணுறதுக்காகத் துணி மேல கோடு போட்டு வச்சிருப்போமே, பத்துக்குப் பத்து கட்டம். தண்ணில அழியுற நீலப் பேனாவா இருந்தா முதல்ல வெறும் குளிர்ந்த தண்ணில மட்டும் அலசி அதை முழுசா எடுத்துடுங்க, சோப்பு அப்புறம்தான். சோப்போ சூடோ முதல்ல பட்டா அந்தக் கோடு பழுப்பா மாறித் துணிலயே உக்காந்துடும், வெயில்ல காய வச்சாலும் அதே கதை. இன்னொண்ணு, இஸ்திரிச் சூட்டுல மறையுற பேனா, 60 டிகிரி பக்கம் போனா மறைஞ்சிடும், பாக்க மாயமா இருக்கும், ஆனா மை அங்கேயேதான் இருக்கு, கடுங்குளிர்ல திரும்ப எழும்பும். சென்னைல மாட்டி வச்சா தெரியாது, கனடால இருக்கிற சித்திக்குப் பரிசா ஜனவரில அனுப்பினா அங்க பார்சல் பிரிக்கிறப்போ கட்டம் கட்டமா கோடு தெரிய வாய்ப்பு இருக்கு. அதனால அந்தப் பேனா போட்டிருந்தா கட்டாயம் சோப்பு போட்டு துவைச்சு மையை வெளியேத்தப் பாருங்க.

துணிலயே டிசைன் அச்சடிச்சு வர்ற கிட்டுக்கு மட்டும் இந்தக் குளிர் தண்ணி விதி பொருந்தாது. அந்த மை போறதுக்கு வெந்நீர் கேக்கும், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்னு பாக்கெட்ல போட்டிருக்கிறதை அப்படியே செய்யுங்க. அரைகுறையா நனைச்சு எடுத்தா மை நகர்ந்து பக்கத்துல படியும், அதனால மொத்தத் துணியும் ஒரே நேரத்துல முங்கணும்.

எந்தத் தண்ணி, எந்த சோப்பு

எங்க வீட்டு போர் தண்ணில பாத்திரத்துலயே வெள்ளையா உப்பு பூக்கும், பக்கெட் அடில மஞ்சளா படியும். அந்த மஞ்சள் இரும்பு, அது வெள்ளை ஐடால ஏறினா துருக்கறைதான். உங்க வீட்லயும் அப்படின்னா கேன் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ ஒரு பத்து லிட்டர் எடுத்து வைங்க, மாசக்கணக்கான உழைப்புக்கு அது பெரிய செலவே இல்ல. முடியலைன்னா கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி.

சோப்புன்னா கம்பளித் துணிக்குப் போடுற ஈஸி மாதிரி மைல்டு லிக்விட், இல்ல குழந்தை ஷாம்பு, இல்ல கலரும் ப்ளீச்சும் இல்லாத பாத்திரம் கழுவுற லிக்விட். மூணு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் போதும். துணி துவைக்கிற பவுடர் வேண்டவே வேண்டாம், அதுல வெளுப்பா காட்டுறதுக்குச் சேர்க்கிற பொருள் கிரீம் கலர் துணியை ஒரு மாதிரி நீல வெள்ளையா மாத்திடும். ப்ளீச் பக்கமே போகாதீங்க. வெள்ளை வேட்டிக்குப் போடுற சொட்டு நீலமும் வேண்டாம், வெளிர் கலர் நூல் எல்லாம் அதை இழுத்துக்கும், திட்டுத் திட்டா நிக்கும்.

துவைக்கிற முறை

வெள்ளை டப் எடுங்க. செவப்பு பக்கெட்ல துவைச்சா சாயம் இறங்குதான்னு எப்படித் தெரியும்? டப் அகலமா இருக்கணும், துணியை மடிக்காம விரிச்சுப் போடணும், மடிச்சா ஒரு பக்கத்து செவப்பு இன்னொரு பக்கத்து வெள்ளை மேல உக்காந்துடும்.

தண்ணி குளிர்ச்சியா இருக்கணும், குழாய்த் தண்ணி நல்ல கோடைல சூடா வந்தா கொஞ்சம் ஐஸ் போடுங்க. சோப்பை முதல்ல தண்ணில கலக்குங்க, துணி மேல நேரா ஊத்தாதீங்க. துணியை உள்ள போட்டு உள்ளங்கையால லேசா அமுக்கி அமுக்கி விடுங்க, இட்லி மாவை மெதுவா கலக்குற மாதிரி. முதல் ரெண்டு நிமிஷம் தண்ணியையே பாத்துக்கிட்டு இருங்க. கலர் எதுவும் வரலைன்னா 15, 20 நிமிஷம் ஊறட்டும். ஹூப் தடம் இருக்கிற இடத்துல மட்டும் விரலால கொஞ்சம் சோப்புத் தண்ணியை வட்டமா தடவலாம், தையல் மேல தேய்க்க வேண்டாம், தேய்ச்சா நூல் மயிர் எழும்பி பளபளப்பு போயிடும். ப்ரஷ், கல்லு, வாஷிங் மெஷின் எதுவும் கூடாதுன்னு சொல்லவே தேவையில்ல.

அப்புறம் அலசணும், தண்ணி தெளியுற வரைக்கும், நுரை ஒரு துளி இல்லாத வரைக்கும். குறைஞ்சது மூணு தண்ணி. இதுல அவசரப்படாதீங்க, சோப்பு தங்கினா அதுவே பின்னாடி மஞ்சளாகும். எடுக்கிறப்போ ஒரு மூலையைப் பிடிச்சுத் தூக்காம அடில ரெண்டு கையையும் கொடுத்து அள்ளி எடுங்க, ஈரத் துணி கனத்துல கோணிக்கும்.

சாயம் இறங்கிடுச்சுன்னா

பதறாதீங்க. வெளில எடுத்து வைக்காதீங்க, அதுதான் முதல் காரியம். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு உடனே புதுக் குளிர்ந்த தண்ணி, ஐஸ் கட்டி போட்டா இன்னும் நல்லது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணியை மாத்திக்கிட்டே இருங்க, இல்ல குழாய்க்கு அடில பிடிச்சு, செவப்பு இருக்கிற இடத்துல இருந்து தண்ணி துணிக்கு வெளிப்பக்கமா ஓடுற மாதிரி சாய்ச்சு வைங்க. பத்துத் தண்ணி ஆகலாம், பதினஞ்சும் ஆகலாம். எனக்கு ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு பதினொண்ணரை ஆச்சு, ஆனா முழுசா போச்சு.

குளிர் தண்ணில அஞ்சாறு தடவை மாத்தியும் வெள்ளைல ரோஸ் நிக்குதுன்னா, பெரிய டப் நிறைய வெதுவெதுப்பான தண்ணி, அதுல பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம் தாராளமா கலந்து, துணி முழுசா முங்கி விரிஞ்சு கிடக்கிற மாதிரி சில மணி நேரம் ஊற விடுங்க. தண்ணி நிறைய இருந்தா சாயம் அதுலயே கரைஞ்சு மிதக்கும், திரும்ப வந்து துணில உக்காராது. தண்ணி கலர் மாறினா கொட்டிட்டு மறுபடியும். ரோஸ் நிழல் போற வரைக்கும் துணி காயவே கூடாது, நடுவுல தூக்கம் வந்தா தண்ணிலயே விட்டுட்டுப் படுங்க.

உப்பு போடலாமா, வினிகர் ஊத்தலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க, எங்கம்மாவும் புதுப் புடவைக்குக் கல் உப்புதான் போடுவாங்க. திருப்பூர் சாயப்பட்டறைல உப்பு மூட்டை மூட்டையா போடுறது சாயத்தைத் தண்ணில இருந்து பருத்தி பக்கம் தள்றதுக்கு. நம்ம டப்ல இப்போ சாயம் மிதக்குது, பக்கத்துல வெள்ளைப் பருத்தி இருக்கு, உப்பு போட்டா அது எந்தப் பக்கம் தள்ளும்னு யோசிச்சுப் பாருங்க. வினிகர் உதவுறது கம்பளி, பட்டுக்குப் போடுற ஆசிட் சாயத்துக்கு, பருத்திச் சாயத்துக்கு இல்ல. ரெண்டுமே வேண்டாம்.

சில கறைகள்

மஞ்சள் கறைல சோப்பு பட்டதும் செக்கச்செவேல்னு ஆகும், பாத்து அலறாதீங்க, மஞ்சளோட குணமே அது, காரம் பட்டா செவக்கும், அலசினா திரும்ப மஞ்சளாகும். அதை அழிக்கிறது வெயில்தான். சோப்பு போட்டு அலசின ஈரத்துணில கறை இருக்கிற இடம் மட்டும் வெயில் படுற மாதிரி வச்சு, தையல் மேல ஒரு துணியை மூடி, ஒரு மணி ரெண்டு மணி நேரம். டீக் கறைன்னா பட்ட உடனே குளிர்ந்த தண்ணி. எண்ணெய்க்குப் பாத்திர லிக்விட் ஒரு சொட்டு. துருவுக்கு மட்டும் வெறும் துணிப் பகுதில எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு வச்சு நல்லா அலசலாம், நூல் மேல இருந்தா நான் கை வைக்க மாட்டேன், அந்தத் தையலைப் பிரிச்சுப் புதுசா போட்டுடுவேன்.

ஈரம் எடுக்கிறது

பிழியக் கூடாது, முறுக்கக் கூடாது. வெள்ளை டவலை விரிச்சு அது மேல வேலையை விரிச்சு, பாய் சுருட்டுற மாதிரி டவலோட சேர்த்துச் சுருட்டி, மேல கையால அழுத்துங்க. சுருட்டினதைப் பிரிச்சதும் டவலைப் பாருங்க, கலர் பட்டிருந்தா திரும்ப டப்புக்கு. படலைன்னா வேற காஞ்ச டவல்ல விரிச்சுப் போட்டு, விரலால நாலு பக்கமும் மெதுவா இழுத்து நேராக்குங்க. ஐடால கட்டம் இருக்கறதால கோணல் ஈசியாத் தெரியும், ஒரு ஸ்கேல் வச்சு மூலைக்கு மூலை அளந்து ரெண்டும் சமமா வருதான்னு பாத்துக்கலாம். கொடில கிளிப் மாட்டித் தொங்க விட்டா கிளிப் தடமும் விழும், துணியும் இழுபடும்.

முழுசா காய விடாதீங்க. தொட்டா சில்லுன்னு இருக்கணும், ஈரம் கைல ஒட்டக் கூடாது, அந்தப் பதத்துல இஸ்திரி. துவைக்கிறப்போ சாயம் இறங்கின துணியா இருந்தா மட்டும், ரோஸ் சுத்தமா போச்சான்னு பகல் வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டுத்தான் சூடு.

இஸ்திரி

முதல்ல பெட்டியோட அடிப்பக்கத்தைப் பாருங்க, ஏதாவது கருகி ஒட்டியிருந்தா துடைச்சு, ஒரு பழைய துணில இழுத்துப் பாத்துட்டு ஆரம்பிங்க. ஸ்டீம் பெட்டிக்குள்ள போர் தண்ணி ஊத்தியிருந்தா பழுப்புத் தண்ணி துப்பும், அதனால நான் ஸ்டீமை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுவேன், துணிலயே ஈரம் இருக்கே, அது போதும். தெருமுனை இஸ்திரி வண்டில கொடுத்துடாதீங்க, அவங்க கை சட்டைக்கும் புடவைக்கும் பழகின கை, கரிப்பெட்டிச் சூட்டைக் குறைக்கவும் வழி இல்ல.

தடியான வெள்ளை டவலை ரெண்டா மடிச்சு விரிங்க. அது மேல வேலையை முகம் கீழ பாக்கிற மாதிரி கவுத்துப் போடுங்க. தையல் எல்லாம் டவலோட பஞ்சுக்குள்ள புதைஞ்சுக்கும், சுத்தியிருக்கிற வெறும் துணி மட்டும் தட்டையாகும், அதனாலதான் டவல். வெறும் மேஜைல மெல்லிசான போர்வை மேல போட்டா ஒவ்வொரு தையலும் நசுங்கிக் காகிதம் மாதிரி ஆயிடும். மேல பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒண்ணு போடுங்க, நூறு தடவை துவைச்ச வேட்டிக்கு ஈடா எதுவும் இல்ல, சாயமும் இல்ல கஞ்சியும் இல்ல.

பெட்டில ஒரு புள்ளி 110 டிகிரி, ரெண்டு புள்ளி 150, மூணு புள்ளி 200 வரைக்கும். பருத்தி நூலும் ஐடாவும் மூணு புள்ளி தாங்கும், ஆனா ரெண்டுல ஆரம்பிங்க, சுருக்கம் போகலைன்னா ஏத்துங்க. தேய்க்காதீங்க, வச்சு அழுத்தி அஞ்சு ஆறு செகண்ட் எண்ணி, தூக்கிப் பக்கத்துல வைங்க. நடுவுல இருந்து வெளிப்பக்கமா போங்க, நூல் போற திசைல, குறுக்கா மூலை வாக்குல இழுத்தா சதுரம் சாய்சதுரமாயிடும். ஹூப் தடம் பிடிவாதமா இருந்தா அந்த இடத்துல கொஞ்சம் தண்ணி தெளிச்சு மறுபடியும்.

மின்னுற மெட்டாலிக் நூல் இருந்தா அது பெரும்பாலும் பிளாஸ்டிக் பிலிம், சூட்டுல சுருங்கி உருகும். ஒரு புள்ளிக்கு மேல போகாதீங்க, அந்த இடத்தை விட்டுட்டுச் சுத்தி மட்டும் போடுறது இன்னும் நல்லது. மணி கோத்திருந்தா டவலை நாலா மடிங்க, மணி மேல பெட்டியை அழுத்தாதீங்க, மேல் பூச்சு கலர் மணின்னா துவைக்கிறதுக்கு முன்னாடியே ஒண்ணை தனியா ஊற வச்சுப் பாத்துடுங்க. பேக்ஸ்டிச் (ஓரக்கோடு போடுற தையல்), பிரெஞ்சு நாட் (முடிச்சுத் தையல்) இருக்கிற இடம் டவல்ல நல்லா அமுங்கியிருக்கான்னு தூக்கித் தூக்கிப் பாத்துக்கோங்க.

துணி விறைப்பா நிக்கட்டும்னு கஞ்சி போடுறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேண்டாம். கஞ்சி வாசத்துக்கு வெள்ளிப்பூச்சி வரும், நூலையும் சேர்த்துக் கடிக்கும். விறைப்பு வேணும்னா பிரேம்ல அட்டைக்குப் பின்னாடி நூலால இழுத்துக் கட்டுறதுதான் சரி.

பிரேம் கடைக்கு அவசரமா ஓடாதீங்க

இஸ்திரி போட்டதும் துணி சூடா, காஞ்ச மாதிரி தெரியும், ஆனா தையல் அடர்த்தியா இருக்கிற இடத்துல உள்ள ஈரம் இருக்கும். ஒரு நாள் முழுக்க ஃபேன் காத்துல விரிச்சு வைங்க, ஐப்பசி கார்த்திகை மழைல ரெண்டு நாள். ஈரத்தோட கண்ணாடிக்குள்ள அடைச்சா பூஞ்சை பூக்கும். கடைல ஒட்டுற அட்டைல ஒட்டித் தரேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லுங்க, அந்தப் பசை பின்னாடி துவைச்சாலும் போகாது. ஆசிட் இல்லாத அட்டை கேளுங்க, கண்ணாடி தையல்ல ஒட்டாம கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்க.

உடனே பிரேம் போடலைன்னா மடிச்சு பீரோல வைக்காதீங்க, மடிப்புக் கோடு விழுந்தா எடுக்கிறது கஷ்டம். ஒரு அட்டைக் குழாய் மேல பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுத்தி, அது மேல வேலையை முகம் வெளிப்பக்கம் வர்ற மாதிரி சுருட்டி, இன்னொரு துணியால மூடிக் கட்டி வைங்க. பிளாஸ்டிக் கவர் மட்டும் போடாதீங்க, காத்து போகாது. குழாய் வெளில என்ன நூல் போட்டீங்க, செவப்பு எந்த நம்பர், சாயம் இறங்குச்சா இல்லையான்னு ஒரு சீட்டு எழுதிக் கட்டிடுங்க, அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடியும் துவைக்கிறப்போ அந்தச் சீட்டைத்தான் முதல்ல தேடுவீங்க.